பொழுது சாயாத கூத்தனேந்தல்

கூத்தனேந்தலில் சூரியன் இறங்காமல் நின்றுபோனது மாசி மாதத்தில், குண்டு மிளகாய் இரண்டாம் பறிப்புக்குச் செக்கச்செவேலென்று பழுத்துக் கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை. மேற்கே கருவேலங்காட்டுக்கு மேலே ஒரு பனைமர உயரத்துக்கு வந்து, இனி இறங்குவதுதான் பாக்கி என்ற இடத்தில் அது நின்றது. மிளகாய்க் காட்டில் குனிந்திருந்த பெண்களில் ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. அவர்களுடைய இடுப்புதான் முதலில் கண்டுபிடித்தது. இந்நேரம் நிமிர்ந்திருக்க வேண்டுமே என்று இருளாயியின் இடுப்பு சொன்னது. அவள் நிமிர்ந்து, நெற்றியில் கைவைத்து மேற்கே பார்த்து, மறுபடி குனிந்து ஒரு பாத்தி முழுக்கப் பறித்து முடித்து நிமிர்ந்தபோதும், சூரியன் வைத்தது வைத்தபடியே இருந்தது.

ஊரில் ஆள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. தைக்கத் தெரிந்தவன் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனான், தைக்கத் தெரியாதவன் சென்னைக்கு மிட்டாய்க்கடைக்குப் போனான், பாஸ்போர்ட் எடுக்க வழி இருந்தவன் சவுதிக்கும் மலேசியாவுக்கும் போனான், இருளாயியின் புருஷன் சேதுபாண்டியும் அப்படி மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குத் தட்டுக் கழுவப் போனவன்தான். மிஞ்சியது பெண்கள்; அதிலும் முட்டி தேய்ந்தவர்களும் கைக்குழந்தைக்காரிகளும். காடு மட்டும் எப்போதும்போல அவ்வளவு பெரிதாகவே இருந்தது, மிளகாயும் எப்போதும்போல ஒரே நேரத்தில் பழுத்தது. ஆள் குறைந்தால் கூலி ஏறும் என்பது சுற்றுவட்டாரமெல்லாம் கண்ட சங்கதி. கூத்தனேந்தலில் ஏறவில்லை, ஏனென்றால் அங்கே காட்டில் பெரும்பகுதி தவசியாண்டி என்ற ஒரே ஆளுடையது. கூலி என்றால் அவர் சொன்னதுதான் கூலி, அது கையில் வருவது பொழுதடைந்த பிறகுதான். அவருடைய அப்பா காலத்திலிருந்தே வரப்பில் நின்று, சூரியன் மறைந்ததும் மடியை அவிழ்ப்பது அந்தக் குடும்பத்து வழக்கம்.

அன்று காலையில்தான் இருளாயி கேட்டிருந்தாள். பறிப்புக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவருபவள் அவள்தான் என்பதால் கேட்கவேண்டியதும் அவளாகத்தான் இருந்தது.

“மொதலாளி, ஓடைக்கு அந்தப் பக்கம் வலையனூர்ல கூலி ஏத்திட்டாக. நீங்களும் ஏத்திக் குடுக்கணும். ஆளு கொறஞ்சு போச்சு, ஒருத்தி ரெண்டு பேரு வேலையப் பாக்குறா.”

“பறிப்பு நேரத்துல வம்பு பண்ணாதத்தா. பொழுது சாயட்டும், பேசிக்கிருவோம்” என்றார் தவசியாண்டி.

பொழுது அதைக் காதில் வாங்கிக்கொண்டது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அதெல்லாம் இல்லை, கருவேலமுள்ளில் மாட்டிக்கொண்டது என்று வேறு சிலர் சொன்னார்கள். காரணத்தைப் பற்றி அதற்குமேல் யாரும் மெனக்கெடவில்லை. இறங்காத சூரியனை வைத்துக்கொண்டு பிள்ளையைத் தூங்கவைப்பது எப்படி என்பதே எல்லோருக்கும் பெரும்பாடாக இருந்தது.

சாக்குகளைத் தைத்து வண்டியேற்றிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெண்கள் வரப்பில் வந்து நின்றார்கள்.

“கூலியக் குடுங்க மொதலாளி. பிள்ளைக வீட்டுல பசியோட கெடக்கும்.”

“குடுக்க மாட்டேன்னா சொல்றேன்? நாள்கூலி, நாள் முடியட்டும். இந்தா, பொழுது நிக்குதுல்ல நட்டமா?”

“செல்போன்ல மணி ஏழரை ஆச்சு” என்றாள் பஞ்சவர்ணம். அவள் இருளாயியின் நாத்தனார். மகளைக் காலேஜில் சேர்த்துவிட்டு நாளெல்லாம் அந்தச் செலவையே நினைத்துக்கொண்டிருப்பவள்.

“செல்போன்ல சாயுறதெல்லாம் நம்ம ஊருப் பொழுதாத்தா?” என்று கேட்டுவிட்டு, தவசியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மிளகாய்க்காரம் பட்டு எரிகிற கைகளை ஒன்றுமில்லாமல் வீசிக்கொண்டு பெண்கள் பட்டப்பகலில் வீடு திரும்பினார்கள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. கோழிகள் அடையாமல் நின்றபடியே கண்ணை மூடக் கற்றுக்கொண்டன. மல்லிகை மொட்டு விரியவே இல்லை என்பதால் பூக்காரி அதை மொட்டாகவே கட்டி விற்றாள். அம்மன் கோயில் பூசாரி சாயங்கால விளக்கை எப்போது ஏற்றுவது என்று தெரியாமல் நினைத்த நேரமெல்லாம் ஏற்றி, எண்ணெய்க்காக ஊரைத் திட்டினார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வெட்கப்பட்டுக்கொண்டே மூட்டைமுடிச்சோடு வலையனூருக்கு வீடு மாறிப் போனது. ராத்திரி கடைசி டவுன் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் வந்து, ஓடைப்பாலத்தைத் தாண்டியதும் விளக்கை அணைத்துவிட்டு வெயிலுக்குள் நுழையும். தூங்கி வழிகிறவர்களைப் பார்த்து நடத்துநர், “வெளிச்சம் எல்லாம் இறங்கு, வெளிச்சம் எல்லாம் இறங்கு” என்று கத்துவார். தாசில்தார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, சூரியனை நெடுநேரம் பார்த்து, மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஓடைக்கு அந்தப் பக்கம் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது; அங்கே பொழுது விடிந்தது, சாய்ந்தது, நிலா வந்தது. கூத்தனேந்தல் எல்லைக்குள் மட்டும் ஓயாத சாயங்காலம்.

தவசியாண்டிக்கு முதலில் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மிளகாய் காயப்போடுகிறவனுக்கு வெயிலைவிட என்ன வேண்டும்? களத்தில் பரப்பிய பழம் கண்முன்னே சுருங்கி வற்றலாகியது. நாளே முடியாததால் கூலியும் கிடையாது. மேற்கே பார்த்துச் சூடம் கொளுத்திக் கும்பிட்டார். பெண்களும் இன்றைக்குச் சாயும், நாளைக்குச் சாயும், சாய்ந்தால் மொத்தமாகக் கைக்கு வரும் என்று நம்பிக் கொஞ்சகாலம் பறித்தார்கள். அவர்களுக்கு அப்போது தூக்கம்தான் பெரிய பிரச்சினை. கதவை அடைத்து, கண்ணில் துணி கட்டிப் படுத்தாலும் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது, வெளியே வேலை நேரம் என்று. கடைசியில் இருளாயிதான் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “வாங்கடி, தூங்கப் போவோம்” என்று ஓடையைத் தாண்டினாள். மற்றவர்களும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனார்கள். வலையனூர் சமுதாயக் கூடத்தில், நல்ல கெட்டியான இருட்டில், அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார்கள்.

விடிந்ததும் சவரிமுத்து என்ற வலையனூர்க்காரர் வந்து வாசலில் நின்றார். அவருக்கு இருந்தது சின்னக் காடுதான். மகன்கள் மூன்று பேரும் வெளிநாட்டில். மிளகாய் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது.

“ஏத்தா, எனக்குப் பறிச்சுக் குடுத்துட்டுப் போறீகளா? எங்க ஊர்ல பொழுது சாயும். சாஞ்சதும் கூலி கையில.”

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அதற்குமுன் வலையனூரில் வேலைக்குப் போவது என்றால் தவசியாண்டியைப் பகைத்துக்கொள்வது. இப்போதோ கால் ஏற்கெனவே ஓடையைத் தாண்டியாகிவிட்டது. சவரிமுத்துவின் காட்டுக்குப் போனார்கள். அங்கே போனதைப் பார்த்துப் பக்கத்துக் காட்டுக்காரர் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதாகச் சொன்னார். அவருக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் அதற்கும் மேலே சொல்லி, மத்தியானத்துக்குக் குழம்பும் கொண்டுவந்தார். தங்களுக்காக நாலு பேர் போட்டி போடுவது என்பதை இருளாயி வாழ்நாளில் முதல்முறையாகக் கண்டாள். அது கொஞ்சம் கூச்சமாகவும், சொல்லப்போனால் மிகவும் நன்றாகவும் இருந்தது. மலேசியாவிலிருந்து கூப்பிட்ட சேதுபாண்டியிடம், “நானும் வெளியூருக்குப் பிழைக்கப் போயிட்டேன்யா” என்றாள். எந்த ஊருக்கு என்று அவன் பதறினான். “ஓடைக்கு அந்தப் பக்கம்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தவசியாண்டியின் காட்டில் மூன்றாம் பறிப்புக்கு ஆளே இல்லை. அவர் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. டவுனில் ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி ஒருவனைப் பிடித்தார். ஒருநாள் பஸ் வெயிலுக்குள் நுழைந்து நின்றபோது, ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் தலையில் பையோடு இறங்கிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். கூத்தனேந்தல் கூலியில் பாதிதான் அவர்களுக்குப் பேச்சு. அதுவும் நாள்கூலி.

“வந்துட்டாகள்ல நம்ம வாயில மண்ணப் போட” என்றாள் பஞ்சவர்ணம் ஓடைக்கரையில் நின்று. “இவுக பாதிக்குப் பறிச்சா, நாளைக்கு வலையனூர்க்காரவுகளும் நம்மள ஏன் கூப்பிடப் போறாக?”

இருளாயிக்கும் வயிறு எரிந்தது. இப்போதுதான் ஒரு படி ஏறியிருக்கிறோம், அதற்குள் ஏணியைப் பிடித்து ஆட்ட ஆள் வந்தாகிவிட்டது என்று தோன்றியது. போகும்போதும் வரும்போதும் அவர்களை முறைத்துப் பார்த்தாள். அவர்கள் பறித்துக்கொண்டே இருந்தார்கள். வலையனூரில் விடியும்போதும் பறித்தார்கள், வலையனூரில் விளக்கு வைக்கும்போதும் பறித்தார்கள். யாராவது வரப்பில் சாய்ந்தால் மேஸ்திரி, “பொழுது இருக்குல்ல, எந்திரி” என்று குரல் கொடுத்தான்.

ஒரு விடியற்காலையில், இருளாயி ஓடையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, எதிர்க்கரையில் வெயிலில் ஒரு பெண் வந்து நின்றாள். கண் இரண்டும் மிளகாயைவிடச் சிவந்திருந்தன. விரல்கள் வெந்து வீங்கியிருந்தன. செங்கல் சூளையில் இரண்டு வருஷம் இருந்து கற்ற தமிழில் அவள் கேட்டாள்:

“அக்கா, இங்க ராத்திரி எங்க இருக்கு?”

முன்பொருநாள் சேதுபாண்டி போனில் சிரித்துக்கொண்டே சொன்ன ஒன்று இருளாயிக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சாப்பாட்டுக் கடையில் அவனுக்கு முன்னால் தட்டுக் கழுவியவன் கூலி போதாதென்று கேட்டதால்தான் இவனைப் பாதிக்கு வரவழைத்தார்களாம். அந்த ஆள் வாசலில் நின்று இவனைப் பார்த்துக் காறித் துப்பினானாம். அவன் சிரிப்பை அவள் நம்பவில்லை. அதற்கப்புறம் நெடுநாள், முகம் தெரியாத அந்த ஆளைச் சபித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஓடையின் இந்தக் கரையில், அந்த ஆளாகத் தான் நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

“ஓம் பேரு என்னத்தா?”

“பூல்மணி.”

“பூமணியா? வா. உங்க ஆளுகளையும் கூப்பிடு. ராத்திரி இந்தப் பக்கம்தான் இருக்கு. இப்ப விடிஞ்சிருச்சு, ஆனாலும் கூடத்துக் கதவ அடைச்சா இருட்டா இருக்கும்.”

அவர்கள் வந்தார்கள். மேஸ்திரி கத்திக்கொண்டு ஓடைவரை ஓடிவந்தான். எதிரே அரிவாளும் கையுமாக விறகுக்குப் போய்க்கொண்டிருந்த வலையனூர்ப் பெண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். பூல்மணியின் ஆட்கள் அன்று பகல் முழுக்கத் தூங்கி, ராத்திரி முழுக்கவும் தூங்கினார்கள். எழுந்தபோது இருளாயி விளக்கெண்ணெய் கொண்டுவந்து அவள் விரல்களில் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். என்ன பேசினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள். ஒன்றும் கொடுக்கவில்லை, பொழுது சாய்ந்ததும் தருகிறேன் என்றார்களாம்.

“எங்களுக்கும் அதேதான் சொன்னாரு” என்றாள் இருளாயி. பஞ்சவர்ணம் சற்றுத் தள்ளி முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள்; ஆனால் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொஞ்சம் அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பறிக்க ஆளில்லாத காட்டில் வெயில் தன் வேலையைத் தொடர்ந்து பார்த்தது. செடியிலேயே பழம் சுருண்டது. களத்தில் வாரியெடுக்க ஆளில்லாத வற்றல் சிவப்பிழந்து, மஞ்சளாகி, கடைசியில் வெளுத்த சோளத்தட்டை போலானது. கமிஷன் கடைக்காரர் ஒரு கையளவு அள்ளிப் பார்த்து, காரமும் இல்லை நிறமும் இல்லை என்று திரும்பக் கொட்டிவிட்டார். தவசியாண்டி தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. வலையனூரில் போய்ப் படுக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை; மனைவி தமக்கை வீட்டுக்குத் தூங்கப் போனவர் திரும்பி வரவில்லை. இன்னும் ஒரு பறிப்பு செடியில் நின்றது. அதுவும் போனால் அந்த வருஷமே போயிற்று.

அவர் ஓடைக்கு வந்தபோது வலையனூரில் அந்தி. இந்தக் கரையில் பெண்களும், வடக்கத்தி ஆட்களும் அரையிருட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையில் அவர் முகம் முழுக்க வெயில். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், ஒரே மாதத்தில் கிழவராகியிருந்தார். இருளாயிக்கு ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது.

“ஏத்தா இருளாயி, வாங்க. ஏத்தித் தாரேன்.”

“எவ்வளவு?”

“வலையனூர்க் கூலி.”

“அது போன வாரத்து வெல மொதலாளி. இப்ப அதுக்கும் மேல.”

“சரி, மேல. நின்ன கூலியும் தாரேன்.”

“பொழுதக் காட்டிக் கூலி பேசுறது இனிமே கெடையாது. மணிக்கணக்கு. மணி முடிஞ்சா கூலி, வெயிலு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி.”

“சரி” என்றார் அவர், ஓடையைப் பார்த்தபடி.

“இவுகளுக்கும் அதே கூலி.”

“யாருக்கு?” அவர் குரல் பழையபடி ஏறியது. “வடக்கத்தியானுக்கா? அது எனக்கும் மேஸ்திரிக்கும் உள்ள பேச்சு. ஒனக்கு என்னத்தா அதுல? இந்தா பாருங்க எல்லாரும், இருளாயி பேச்ச விடுங்க. நம்மூரு ஆளுகளுக்கு இன்னுமே ஒருபடி ஏத்தித் தாரேன். இப்பவே வாங்க. அவுகள அவுக பாட்டுக்கு விட்டுருங்க.”

பூல்மணிக்கு வார்த்தை முழுக்கப் புரியாவிட்டாலும் சங்கதி புரிந்துவிட்டது. அவள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், எந்த நேரமும் கிளம்பிப் பழகியவள் மாதிரி. பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள்.

“மதினி, அவருதான் ஏத்தித் தாரேங்கிறாருல்ல? எம்மக பீசு…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினாள்.

இருளாயிக்குக் கோபம் வரவில்லை. “தருவாரு பஞ்சவர்ணம். இந்தப் பறிப்புக்குத் தருவாரு. அடுத்த பறிப்புக்கு இவுக பாதிக்கு நிப்பாக. அந்தப் பாதியக் காட்டி நம்மகிட்ட வருவாரு. அப்ப நீ எந்த ஓடையத் தாண்டிப் போவ?”

பிறகு அக்கரையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: “ஏன் மொதலாளி, வடக்கத்திக் கைன்னா மிளகா எரியாதா?”

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரிப்பு இருட்டில் ஒவ்வொருத்தியாகத் தொற்றிக்கொண்டு போய்ப் பஞ்சவர்ணத்திடம் வந்தது. அவள் வாயைப் பொத்திப் பார்த்து, முடியாமல், சிரித்துக்கொண்டே பூல்மணிக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவளுடைய பையை மடியிலிருந்து பிடுங்கித் தரையில் வைத்தாள்.

தவசியாண்டி அந்தச் சிரிப்பு அடங்கும்வரை வெயிலில் நின்றார். பிறகு, “எல்லாருக்கும் ஒரே கூலி. வாங்க” என்றார்.

மறுநாள் காலையில் எல்லோரும் சேர்ந்து ஓடையைத் தாண்டினார்கள். இத்தனை ஆள் சேர்ந்து கூத்தனேந்தல் காட்டில் இறங்கி எவ்வளவோ காலமாகியிருந்தது. கூத்தனேந்தல் பெண்கள் வேகமாகப் பறித்தார்கள், வடக்கத்தி ஆட்கள் சுத்தமாகப் பறித்தார்கள். ஒருவர் பார்த்து ஒருவர், மத்தியானத்துக்குள் எல்லோருமே வேகமாகவும் சுத்தமாகவும் பறித்தார்கள். பூல்மணி அவள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடினாள், பஞ்சவர்ணம் அர்த்தம் தெரியாமலேயே பின்பாட்டுப் பாடினாள். பேசிய மணி வந்ததும் இருளாயி கையைத் தட்டினாள். எல்லோரும் வரப்புக்கு வந்தார்கள். தவசியாண்டி, தன் குடும்பத்தில் யாரும் செய்யாததாக, முகத்தில் வெயில் அடிக்க அடிக்கக் கூலி கொடுத்தார். நின்றுபோன கூலியையும் கொடுத்தார். கடைசியாகப் பூல்மணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சூரியன் அசையவில்லை.

எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு காக்காய் பறந்து போனது. தவசியாண்டியின் கண்ணில் பழைய பளபளப்பு மெல்ல எட்டிப்பார்த்தது.

“இன்னும் பொழுது கெடக்குதே” என்றார். “அந்த நாலு பாத்திய மட்டும் பறிச்சுட்டுப் போயிரலாம்லத்தா?”

இருளாயி சூரியனைப் பார்த்தாள். நேராக, கைமறைப்பு இல்லாமல், கடன்காரனைப் பார்ப்பதுபோல. முகத்தில் வெயில் கொதித்துக்கொண்டிருக்க, தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள்.

“கெடக்கட்டும். எங்களுக்குப் பொழுதடஞ்சிருச்சு” என்றாள்.

“ஆமா, பொழுதடஞ்சிருச்சு” என்றாள் பஞ்சவர்ணம். மற்ற பெண்களும் சொன்னார்கள். பூல்மணி அதைத் தன் பாஷையில் தன் ஆட்களுக்குச் சொல்ல, அவர்களும் ஒரே குரலில் அதையே சொன்னார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரப்பில் வரிசையாக, பட்டப்பகல் வெளிச்சத்தில், வேலை முடிந்தவர்கள் நடக்கிற நடையில் நடந்தார்கள். அவர்கள் பாதிக்காடு கடப்பதற்குள் நிழல்கள் நீண்டன. கண்மாய்க்கரை ஏறுவதற்குள் வானம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. ஊருக்குள் நுழைந்தபோது கோழிகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு கூட்டுக்குள் ஓடின. அத்தனை நாளாக மூடிக்கிடந்த மல்லிகை மொத்தமும் ஒரே மூச்சில் விரிந்து, தெருவே தலைசுற்றியது. பூசாரி ஒரு தடவைதான் விளக்கேற்றினார். தவசியாண்டி வீடுவரை போகவில்லை. களத்திலேயே, வெளுத்த வற்றல் குவியலில் சாய்ந்து தூங்கிப்போனார். யாரோ அவர்மேல் ஒரு சாக்கைப் போர்த்திவிட்டுப் போனார்கள்.

அந்தக் கூலி கூத்தனேந்தலோடு நிற்கவில்லை. வலையனூர் அதற்கு ஈடுகொடுத்தது, அதைப் பார்த்து அடுத்த ஊர். பங்குனி முடிவதற்குள் வட்டாரம் முழுக்க மணிக்கணக்கு, வந்த ஆளுக்கும் இருந்த ஆளுக்கும் ஒரே கணக்கு. பூல்மணியும் ஆட்களும் மேஸ்திரி இல்லாமல் தாங்களே பேசி, சவரிமுத்துவின் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள்.

அடுத்த மாசியில் ஒரு நாள், பரமக்குடிப் பக்கத்துப் பெரிய காட்டுக்காரர் ஒருவர் காரில் வந்து இருளாயி வீட்டு வாசலில் இறங்கினார். காட்டில் பழம் உதிர்கிறது, ஆள் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றார். இருளாயி சோற்றில் மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். எதிரே பூல்மணி முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்” என்றாள் இருளாயி. “செத்த இருங்க.”

அவர் கார் கதவைச் சாத்திவிட்டு வந்து, வேப்பமரத்து நிழலில் நின்றார். இருளாயி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டாள்.